பெயின்ட்டை நம்பாதீங்க, கதவைத் திறங்க

பழைய சோடா மெஷின் சேர்க்கிற வாசகர்கள் அனுப்புன கேள்விகளுக்கு பதில்

கேள்வி (இண்டியானாவிலிருந்து ஒரு வாசகி): சார், பக்கத்து ஊர்ல ஒரு பண்ணை ஏலத்துல சிவப்பு கோக் மெஷின் ஒண்ணு வருது. மூலையெல்லாம் உருண்டையா அழகா இருக்கு. விக்கிறவர் 1940கள்ல வந்ததுன்னு சொல்றார். எந்த மாடல்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

பதில்: கோக் மெஷின்னு சொல்றோம், ஆனா பெட்டியை செஞ்சது வேற வேற கம்பெனிங்க. கன்சாஸ் சிட்டியில வெண்டோ, கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோல வெண்டார்லேட்டர், டென்னஸி சாட்டனூகால கேவலியர், அப்புறம் ஜேக்கப்ஸ், இவங்க செஞ்சு பாட்டிலர்களுக்கு (கோக்கை பாட்டில்ல அடைச்சு விக்கற கம்பெனிங்களுக்கு) வித்தாங்க. அதனால வெளியில எழுதியிருக்கிற பேரை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, உள்ள இருக்கற தகடுதான் பேசும். ஏலத்துக்கு முன்னாடி பாக்க விடுவாங்கல்ல, அப்போ கதவைத் திறக்கச் சொல்லுங்க. கதவோட உள்பக்கமோ உள்பெட்டி ஓரத்துலயோ சின்ன தகடு ஒண்ணு இருக்கும், அதுல கம்பெனி பேரு, மாடல் நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் இருக்கும். போட்டோ எடுத்துக்குங்க. தகட்டுல பேட்டன்ட் நம்பர்கள் இருந்தா அதையும் விடாதீங்க, கடைசி பேட்டன்ட் எந்த வருஷமோ அதுக்கு முன்னாடி அந்த தகடு வந்திருக்க முடியாது.

தகடு போயிருந்தா அளவு டேப் எடுங்க, பாட்டில் வைக்கிற இடத்தையும் எண்ணுங்க. நிறைய மாடல்ல நம்பரே எத்தனை பாட்டில் பிடிக்கும்னு சொல்லிடும், வெண்டோ 39ல 39 பாட்டில், 44ல 44, 81ல 81, கேவலியர் சிஎஸ்-72ல 72. வெண்டோ 44 ரொம்ப ஒல்லி, அகலம் வெறும் 16 இஞ்ச்தான், சின்ன இடத்துல நிக்கணும்னே செஞ்சது. 39, 81 ரெண்டும் 27 இஞ்ச் கிட்ட வரும். இப்போ விக்கிறவர் சொன்ன வருஷத்துக்கு வாங்க. 39 வந்தது 1940களோட கடைசியில, 81ம் 44ம் 1950களோட நடுவுலதான். அதனால நீங்க பாத்தது 81ஆ இருந்தா 1940கள் கதை அப்பவே உடைஞ்சுடும். ஜேக்கப்ஸ் 26ஐ மட்டும் தூரத்துலருந்தே சொல்லிடலாம், மேல வளைஞ்ச தலையோட இருக்கறதால சேகரிக்கிறவங்க அதை மெயில்பாக்ஸ்னே (தபால் பெட்டி) கூப்பிடறாங்க.

இன்னொண்ணு, சிவப்பா இருக்கறதால அது கோக் மெஷினாவே பொறந்ததுன்னு அர்த்தம் இல்ல. ஒரே பாடியை வேற வேற சோடா கம்பெனிக்கும் கலர் மாத்தி வித்திருக்காங்க, நீலமா இருந்த பெப்ஸி மெஷினுக்கு சிவப்பு அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டி விக்கறதும் நடக்குது. காயின் மெக்கானிசத்துக்கு பின்னாடி, கதவு கீல் ஓரம், தகட்டுக்கு அடியில, இங்கல்லாம் பெயின்ட் அடிக்கிறவன் கை போகாது, அங்க என்ன கலர் தெரியுதுன்னு டார்ச் அடிச்சு பாருங்க. வெளியில இருக்கற எழுத்து கதவோட இரும்புலயே புடைப்பா அடிச்சிருந்தா நிம்மதி, அதை மாத்தறது லேசு இல்ல.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்): இந்த மாதிரி மெஷின் எங்க தேடறது? ஆன்லைன்ல பாத்தா எல்லாம் புதுசு பண்ணி பளபளன்னு வச்சிருக்காங்க.

பதில்: அந்த பளபளப்புக்கு முன்னாடி இருக்கற மெஷினைத்தான் தேடணும். அது எங்க வேலை பாத்துச்சோ அங்கேயே கிடக்கும்: பழைய பெட்ரோல் பங்க், கார் ரிப்பேர் ஷெட், மூடிப்போன ஃபேக்டரி, பௌலிங் கூடம், பாட்டிலிங் கம்பெனியில வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவங்க வீட்டு கராஜ். எஸ்டேட் சேல் (ஒருத்தர் வீட்டு சாமானை மொத்தமா விக்கறது) விளம்பரத்துல போட்டோவோட மூலையை பாருங்க, ஃப்ரிட்ஜுன்னு எழுதியிருப்பாங்க, ஆனா நிக்கறது மெஷினா இருக்கும். பெரிய சந்தைன்னா மாசசூசெட்ஸ்ல ப்ரிம்ஃபீல்ட், மே, ஜூலை, செப்டம்பர்னு வருஷத்துக்கு மூணு தடவை. பென்சில்வேனியா ஹெர்ஷில அக்டோபர்ல நடக்கற பழைய கார் சந்தைக்கு கண்டிப்பா போங்க, கார் பாகம் விக்கறவங்ககிட்டதான் பெட்ரோல் பங்க் சாமானும் இருக்கும்.

சாவி இல்லன்னு சொன்னா தயவுசெஞ்சு கடப்பாரையை எடுக்காதீங்க, எடுக்கவும் விடாதீங்க. பூட்டு சிலிண்டரை லாக்ஸ்மித் துளைச்சு எடுத்துடுவார், புது பூட்டு கிடைக்கும், ஆனா மடங்கின கதவு திரும்ப வராது.

கேள்வி: என் மெஷின்ல 5 சென்ட்னு இருக்கு. அப்போ ரொம்ப பழசுதானே?

பதில்: அவசியமில்ல. 6.5 அவுன்ஸ் கோக் 1886லருந்து எழுபது வருஷத்துக்கு மேல அதே 5 சென்ட்டுக்குத்தான் வித்துச்சு, 1959 வரைக்கும் சில இடத்துல அந்த விலை இருந்துச்சு. அதுக்கு மெஷினே ஒரு காரணம். அப்போ இருந்த மெஷின்ல நிறைய ஒரே ஒரு காசைத்தான் வாங்கும், நிக்கலுக்கு (5 சென்ட் காசு) அடுத்த காசு டைம் (10 சென்ட் காசு), அதுக்கு மாத்தினா விலை ஒரேயடியா ரெட்டிப்பாயிடும். இதுக்காக 7.5 சென்ட் நாணயம் அடிக்கணும்னு கோக் தலைமை 1953ல அதிபர் ஐசன்ஹோவர் வரைக்கும் கேட்டு பாத்துச்சு, நடக்கல. ஒரு நாட்டோட நாணயத்தையே மாத்த சொல்ற அளவுக்கு இந்தப் பெட்டி முக்கியமா இருந்திருக்கு பாருங்க, இதுக்காகவே எனக்கு இந்த மெஷின் மேல அவ்வளவு பிரியம். வயசு தெரியணும்னா விலையை விட பாட்டில் விழற வழியை பாருங்க. கோக் 10, 12 அவுன்ஸ் பாட்டிலை கொண்டுவந்தது 1955ல, அதனால 6.5 அவுன்ஸ் மட்டும்தான் போகும்னா பழசா இருக்க வாய்ப்பு அதிகம். பெப்ஸி மெஷினுக்கு இந்த கணக்கு போடாதீங்க, அவங்க 1930கள்லயே 12 அவுன்ஸ் வித்தவங்க.

கேள்வி: வாங்கின உடனே ப்ளக் போட்டு பாக்கலாமா? பெயின்ட் சுரண்டிட்டு புதுசு அடிக்கலாமா?

பதில்: ரெண்டுக்கும் அவசரம் வேண்டாம். வண்டியில படுக்க வச்சு கொண்டுவந்தா கம்ப்ரஸர் எண்ணெய் பைப்புக்குள்ள போயிடும், நிமித்தி வச்சு ஒரு நாளாவது விடுங்க. ஒயர் மேல இருக்கற ரப்பர் பொடியா உதிர்ந்தா ஒயர் மாத்தாம கரண்ட் கொடுக்காதீங்க. 1950கள் மெஷின்ல குளிர வைக்க பெரும்பாலும் ஆர்-12ங்கற கேஸ் இருக்கும், அமெரிக்காவுல அதோட உற்பத்தி 1995 முடிவோட நின்னுடுச்சு, அதை திறந்து விடறது சட்டப்படி தப்பு, சர்டிஃபிகேட் இருக்கற டெக்னீஷியன்தான் தொடணும். 1930கள் பெட்டின்னா சல்ஃபர் டையாக்ஸைடா இருக்கலாம், மூச்சை அடைக்கிற நெடி, அதுகிட்ட நீங்க போகவே போகாதீங்க.

பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்னே வச்சுக்குங்க, வீட்டுக்குள்ள உப்புத்தாள் போட்டு தேய்க்க கூடாது, குழந்தைங்க இருந்தா சுத்தமா கூடாது. என் அபிப்பிராயம், துரு தின்னாத ஒரிஜினல் பெயின்ட் மங்கலா இருந்தாலும் விட்டுடுங்க, லேசா கழுவி வேக்ஸ் போட்டா போதும். புது பெயின்ட் எப்ப வேணா அடிக்கலாம், ஃபேக்டரி பெயின்ட் ஒரு தடவைதான். அடிச்சே ஆகணும்னு இருந்தா, சுரண்டறதுக்கு முன்னாடி எழுத்தோட அளவு, கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது எல்லாத்தையும் ட்ரேஸிங் பேப்பர்ல எடுத்து வச்சுட்டு, தகட்டை கழட்டி தனியா பத்திரப்படுத்திட்டு அப்புறம் ஆரம்பிங்க.