பதில்: ஹட்டன் பேக்டரி சேர்வரில் கோர் பைல் வரவில்லை

பின்னேரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்து நிறைப்பதிவு புரொசெஸ் விழுகிறது, யூலிமிட்டை (ஷெல்லில் வரம்பு வைக்கும் கட்டளை) அன்லிமிடெட் ஆக்கியும் கோர் பைல் (விழும் புரொசெஸின் மெமரியை எழுதிவைக்கும் பைல்) இல்லை என்கிறீர்கள். வராதுதான். யூலிமிட் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்புபவற்றுக்கும் மட்டுமே. உங்கள் புரொசெஸை எழுப்புவது ஷெல் அல்ல, லினக்ஸில் சேர்விஸ்களை நடத்தும் சிஸ்டம்டி.

முதலில் சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்துப் பாருங்கள். 'கோட்=கில்ட், ஸ்டேட்டஸ்=9' என்றிருந்தால் கோருக்காக மினக்கெடாதீர்கள்; 9ஆம் சிக்னலுக்குக் கோர் எழுதப்படாது. மெமரி போதாமல் கேர்னலே கொன்றிருக்கலாம், கேர்னல் லொக்கில் 'அவுட் ஒஃப் மெமரி' வரியைத் தேடுங்கள். 11 என்றால் செக்மென்டேஷன் போல்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை), அதற்குக் கோர் எழுதப்படும், மேற்கொண்டு போகலாம்.

சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து, சேர்விஸ் பகுதியில் 'லிமிட்கோர்=இன்பினிட்டி' சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு /proc போல்டரில் அந்தப் புரொசெஸின் எண்ணுக்கு (பிஐடி) உரிய லிமிட்ஸ் பைலில் 'மேக்ஸ் கோர் பைல் சைஸ்' மாறியிருக்க வேண்டும்.

அடுத்தது கேர்னலின் கோர் பேட்டர்ன், அதாவது கோர் எங்கே போக வேண்டும் என்ற செட்டிங். நெட்டுக்கோட்டுக் குறியில் (|) தொடங்கினால் கோர் இன்னொரு புரோகிராமுக்குப் போகிறது. அது சிஸ்டம்டி கோர்டம்ப் என்றால் கோர்டம்ப்சிடிஎல் லிஸ்டில் கிடைக்கும். வெறும் பாதை என்றால் டெம்ப் போல்டரைக் கொடுக்காதீர்கள். பிரைவேட் டெம்ப் (சேர்விஸுக்குத் தனி டெம்ப் தரும் சிஸ்டம்டி செட்டிங்) போட்ட சேர்விஸின் கோர் அதன் தனி டெம்ப்புக்குள் போய்விடும், பலர் தேடிக் களைக்கும் இடம் அதுதான். சேர்விஸ் ஓடும் யூசருக்கு எழுதும் அனுமதியுள்ள வேறு போல்டர் கொடுங்கள்.

நிறுவை முடிந்தபின், புரொசெஸை வேண்டுமென்றே விழுத்தும் அபோர்ட் சிக்னல் அனுப்பிச் சோதியுங்கள்; 'கோட்=டம்ப்ட்' என்று வந்தால் சரி. அடுத்த முறை விழுந்ததும் ஜிடிபி என்ற டிபகரில் கோரைத் திறந்து 'பிடி புல்' (எந்த பங்ஷனில் விழுந்தது என்ற முழு விவரம்) எடுத்து இங்கே போடுங்கள். கோரையே ஏற்றிவிடாதீர்கள், செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) பெயர், சம்பளம் எல்லாம் அதற்குள் இருக்கலாம்.