முதலில் 2013-ஐத் திறந்துவிடுங்கள்

ஒயின்: வாசகர் கேள்வி பதில்

ஐயா, என் தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சொல்தா வீடு என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இப்போது மகளோடு பிரான்சில் இருக்கிறார். வரும்போதெல்லாம் போர்தோ வட்டாரத்து மெதோக் பகுதியில் ஒரே ஷத்தோவின், அதாவது ஒரே ஒயின் தோட்டத்தின், சிவப்பு ஒயினை வாங்கி வருவார். 2005-ஆம் வருடத்துப் பாட்டில் 2014-இல் வந்தது, எங்கள் மரப் பீரோவில்தான் இருக்கிறது. 2003, 2010, 2013 மூன்றையும் போன மாதம் கொண்டுவந்தார், அதுவரை அவை அவர் வீட்டு நிலவறையில் இருந்தவை. வரும் தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். எதைத் திறப்பது, எதை வைத்திருப்பது? 2005-தான் பெரிய வருடம் என்கிறார் மாமா.
– வாசகர், முத்தியால்பேட்டை

உங்கள் மாமா சொல்வது சரிதான், போர்தோவில் 2005 மிக நல்ல வருடம். ஆனால் உங்களிடம் இருக்கும் நான்கில் எனக்குச் சந்தேகமே அந்த 2005 மேல்தான். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

லேபிளில் இருக்கும் வருடம், மில்லெசிம் என்று உங்கள் மாமா சொல்வாரே, அது திராட்சை அறுத்த வருடம். பாட்டிலில் அடைத்த வருடம் இல்லை. போர்தோவில் திராட்சைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை, அட்லாண்டிக் கடல் அனுப்புகிற மழையும் அந்தக் கோடையின் வெயிலும் என்ன கொடுக்கிறதோ அதுதான் பழம். அதனால் ஒரே தோட்டம், ஒரே கொடி, ஒரே ஆள் செய்தது என்றாலும் வருடத்துக்கு வருடம் ஆளே மாறிவிடும். புளிப்பு, துவர்ப்பு, பழத்தின் சாரம் இந்த மூன்றும் எந்த அளவில் சேர்ந்தன என்பதை வைத்துத்தான் அது எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல முடியும். துவர்ப்பு என்கிற சுவைக்கு நம்மிடம் தனிப் பெயரே இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள், வாழைப்பூவையும் நாவல்பழத்தையும் கடித்தவர்களுக்கு டானின் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை.

2003 ஐரோப்பாவை வறுத்த வருடம். அந்த ஆகஸ்ட் வெயிலில் பழங்கள் கொடியிலேயே சுருங்கின, அறுவடை வழக்கத்தைவிட மிக முன்னதாக வந்தது, சர்க்கரை ஏறியது, புளிப்பு இறங்கிவிட்டது. புளிப்பு குறைந்த ஒயின் சீக்கிரம் தளர்ந்துவிடும். மெதோக்கின் வடக்கே செந்தெஸ்தேஃப் பக்கம் அடியில் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததால் அங்கே சில தோட்டங்கள் அந்த வருடத்திலும் அருமையாக வந்தன. 2010-உம் வறண்ட வருடம்தான், ஆனால் இரவுகள் குளிர்ந்தன. அதனால் சாரமும் புளிப்பும் துவர்ப்பும் மூன்றுமே உச்சத்தில் நின்றன. 2013-இல் வசந்தம் முழுக்கக் குளிரும் மழையும், பூ சரியாகப் பிடிக்கவில்லை, கடைசியில் அழுகலுக்குப் பயந்து பலர் முழுசாகப் பழுப்பதற்கு முன்பே அறுத்தார்கள். மெலிந்த ஒயின். இளமையில் குடிக்க நன்றாகவே இருந்தது, நீண்ட நாள் வைக்கிற ஒயின் அது இல்லை.

இதுவரை சொன்னது பாதிதான். மறுபாதி, பாட்டில் எந்த அறையில் படுத்திருந்தது என்பது. இதை நான் கண்ணால் பார்த்தேன். போன வருடம் ஜனவரியில் துய்மா வீதியில் ஒரு நண்பர் வீட்டில் இதே மெதோக்கின் ஒரு ஷத்தோவில் நான்கு பாட்டில் திறந்தோம். ஒரு 2003, ஒரு 2010, இரண்டு 2005. அந்த இரண்டு 2005-உம் ஒரே பெட்டியில் வாங்கியவை. ஒன்று பிரான்சிலேயே நிலவறையில் இருந்து அந்த வாரம்தான் வந்தது, இன்னொன்று ஒன்பது வருடம் புதுச்சேரியில், ஏசி எப்போதாவது போடுகிற ஒரு மாடி அறையில் கிடந்தது.

நான்கு கிளாசையும் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பார்த்தோம். 2003 விளிம்பில் பழைய செங்கல் நிறம், மூக்கருகே கொண்டுபோனால் உலர் அத்திப்பழம், பேரீச்சை. வாயில் மெத்தென்று இருந்தது, துவர்ப்பு கரைந்தேவிட்டது. இதமான ஒயின்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் கிளாசிலேயே சோர்ந்துவிட்டது. 2010 நடுவில் நாவல்பழச் சாறு போலக் கருத்திருந்தது, முதல் வாய் ஈறைப் பிடித்து இழுத்தது, வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி. காலை பதினொரு மணிக்கே வாயகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றியும் மதியம்தான் வழிக்கு வந்தது, மறுநாள் மிச்சத்தைக் குடித்தவர் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று போன் செய்தார்.

அப்புறம் அந்த இரட்டையர். பிரான்சில் இருந்து வந்த 2005-இல் புதிதாகச் சீவிய பென்சில் வாசனை, பின்னால் கருப்புத் திராட்சை, நடுவில் இன்னும் ஆழ்ந்த சிவப்பு. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் பட்டாகியிருக்கிறது. விழுங்கிய பிறகும் நாக்கில் நின்றுகொண்டே இருந்தது. புதுச்சேரியில் இருந்த 2005-க்குக் கார்க்கை உருவும்போதே தெரிந்துவிட்டது, கார்க்கின் ஒரு பக்கத்தில் ஒயின் மேலே வரை ஏறிக் கறை பிடித்திருந்தது. நிறம் டிகாக்‌ஷன். வாசனை கருப்பட்டிப் பாகு. வாயில் வெறும் இனிப்புச் சாயலும் தட்டையும்தான், உள்ளே ஆள் இல்லை. பக்கத்தில் இருந்த 2003-ஐவிட அது பத்து வருடம் மூத்ததாகத் தெரிந்தது. ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு பாட்டில்கள்! எனக்கு மனசே கேட்கவில்லை.

ஒயின் நிதானமாக மூப்படைய வேண்டிய வெப்பம் பன்னிரண்டு முதல் பதினான்கு டிகிரி. துவர்ப்புப் பொருளும் நிறப் பொருளும் ஒன்றோடொன்று கைகோத்து, கனமாகி, மெல்ல அடியில் படிகிற வேலைதான் முதுமை, அதற்கு அவசரம் ஆகாது. பத்து டிகிரி கூடினால் வேதி மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. நம் ஊர் மே மாதத்தில் மூடிய பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சும்மா வேகமாக வயதாவதோடு போவதில்லை, சூட்டில் வேறு மாதிரியாக, வெந்த மாதிரி ஆகிவிடுகிறது. நம் பழம்புளியை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல ஜாடியில் உப்பு போட்டு நிழலில் வைத்தால் கருத்து இனித்து வரும், அடுப்பு மேடை ஓரம் வைத்தால் வேறு கதை.

சரி, உங்களுக்கு வருகிறேன். 2013-ஐ இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுங்கள், விசேஷம் வரை காக்க வைக்க அதில் ஒன்றும் இல்லை. 2003-ஐ அறுபதாம் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சடங்கெல்லாம் முடிந்து வீட்டு ஆட்கள் மட்டும் உட்காரும் இரவுச் சாப்பாட்டுக்கு. ஒரு பாட்டில் ஆறு பேருக்குத்தான் வரும். ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் திறந்தால் போதும். அன்றே 2005-ஐயும் திறந்து பாருங்கள். உங்கள் வீடு சுண்ணாம்புச் சுவரும் மெட்ராஸ் ஒட்டுக் கூரையும் போட்ட பழைய வீடாக இருந்து, பீரோ கீழ்க்கட்டில் வெயில் படாத அறையில் இருந்தால் ஓரளவு தப்பித்திருக்கலாம். ஆனால் கெட்டும் போயிருக்கலாம் என்று மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் ஆசையாகத் தூக்கி வந்தது, அந்த நேரத்தில் திடீரென்று தெரிந்தால் வருத்தப்படுவார். 2010-ஐத்தான் காப்பாற்ற வேண்டும். ஒயினுக்கென்றே இருக்கும் சின்ன குளிர்பெட்டி யார் வீட்டிலாவது இருந்தால் அங்கே படுக்க வையுங்கள், இன்னும் பல வருடம் தாங்கும். இல்லையென்றால் சாதாரண பிரிட்ஜின் அடித்தட்டில் வைத்து இரண்டு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். பிரிட்ஜ் அதிகக் குளிர், காற்றும் வறட்சி, இருந்தாலும் பீரோவைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வணக்கம் சார். மகள் பிறந்தது 2015. அந்த வருடத்து நாசிக் சிவப்பு ஒயின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், அவள் இருபத்தொரு வயதில் திறக்கலாம் என்று என் கணவர் ஆசைப்படுகிறார். சரியாக இருக்குமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

ஆசை நல்ல ஆசை, ஆனால் பாட்டில் அதற்கானது இல்லை அம்மா. உலகத்தில் செய்கிற ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடிப்பதற்காகவே செய்வது. நாசிக் சிவப்பு ஒயின்களிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகளைத்தான் வைத்திருக்கலாம். இப்போதே அது தன் நல்ல காலத்தைத் தாண்டியிருக்கும். இந்த வாரமே திறந்துவிடுங்கள், லேபிளை ஈரத்துணி வைத்து மெதுவாக உரித்து மகள் ஆல்பத்தில் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாசிக்கில் கொடியை வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்வார்கள், அதாவது வெட்டிவிடுவார்கள், பழம் அறுப்பது ஜனவரியில் இருந்து மார்ச் வரை. பருவமழை முடிந்த பிறகு பூத்து, வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும் நாட்களில் பழுக்கிறது. அதனால் போர்தோ மாதிரி ஒரு வருடம் ராஜா, மறு வருடம் அழுகல் என்கிற பெரிய ஏற்ற இறக்கம் அங்கே குறைவு. வருடத்தைப் பார்த்து வாங்குவதைவிட புதிதாக வந்ததைப் பார்த்து வாங்குவதுதான் அங்கே சரி.

சூட்டில் கெட்ட பாட்டிலைக் கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? கெட்டுப்போன வாசனை எப்படி இருக்கும்?
– வாசகர், லாஸ்பேட்டை

உண்டு. மேல் உறையைத் தடவிப் பாருங்கள். கார்க் வாய்விளிம்பைத் தாண்டி மேலே துருத்தியிருந்தால் உள்ளே ஒயின் சூட்டில் விரிந்து தள்ளியிருக்கிறது. உறைக்குக் கீழே பிசுபிசுப்பு இருந்தால் கசிந்திருக்கிறது. ஒயின் கழுத்தில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள், பத்து வயதுக்குக் குறைந்த பாட்டிலில் மட்டம் தோள் வரை இறங்கியிருந்தால் வாங்காதீர்கள். கண்ணாடி ஷோகேஸில் விளக்கு வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கிற பழைய பாட்டிலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

வாசனையில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். வெந்த ஒயின் ஜாம், கருப்பட்டி, வறுத்த உலர்திராட்சை என்று போகும். நனைந்த கோணிச் சாக்கு, ஈரமான அட்டைப் பெட்டி வாசனை வந்தால் அது கார்க்கின் கோளாறு, டிசிஏ என்கிற ஒரு பொருளால் வருவது, சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது எவ்வளவு நல்ல வருடத்தையும் விடாது.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது பல நாள் கரண்ட் இல்லை. அப்போது என் குளிர்பெட்டியில் இருந்த எட்டு பாட்டிலில் ஒன்றும் கெடவில்லை, மார்கழி என்பதால். அதே எட்டில் மூன்றை, பெட்டி பழுதான ஒரு மே மாதத்தில் நான்கு நாள் ஊரில் இல்லாமல் இழந்தேன். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவது அதற்கு அப்புறம் வந்த பழக்கம்.

பழைய சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, வயது கூடக் கூட நன்மையும் கூடுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

கூடாது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே அறிவித்துவிட்டது. இதயத்துக்காக யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ருசிக்காகக் கொஞ்சம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

அண்ணா, நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒயினின் மூன்று வருடங்களை வாங்கியிருக்கிறோம். எந்த வரிசையில் குடிப்பது? பழைய பாட்டிலின் அடியில் மண்டி மாதிரி கிடக்கிறது, கலப்படமா?
– கேட்டரிங் மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

கலப்படம் இல்லை தம்பி, மேலே சொன்னேனே, கைகோத்துக் கனமாகிப் படிந்த துவர்ப்பும் நிறமும்தான் அது. குடித்தால் கெடுதல் இல்லை, கசக்கும், பல்லில் நறநறக்கும், அவ்வளவுதான்.

வரிசையைப் பற்றி இரண்டு பள்ளிகள் உண்டு. நான் பழையதில் இருந்து தொடங்குகிற கட்சி. வயதான ஒயின் மெல்லப் பேசும், இளையதின் துவர்ப்பு நாக்கை அடைத்துவிட்டால் அது காதில் விழாது. மூன்றையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை முடித்து அடுத்தது என்று போனால் ஒப்பிடவே முடியாது. மிக்சர், சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் எல்லாம் கடைசிக்கு. நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும், காரம் பட்டால் துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரியும். அறை வெப்பத்தில் பரிமாறு என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தால் அது பிரான்சு நாட்டு அறை, பதினாறு பதினெட்டு டிகிரி. இங்கே அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

மண்டிக்கு வழி, முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுவது. திறக்கும்போது ஆட்டாதீர்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு செல்போன் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரே சாய்வில், நிறுத்தாமல், மெதுவாகக் குடுவையில் ஊற்றுங்கள். முக்கால் பாட்டில் தெளிவாக வரும், அப்புறம் வெளிச்சத்தில் புகை மாதிரி ஒரு கோடு தோளில் இருந்து கழுத்துப் பக்கம் நகர்ந்து வரும், அது தெரிந்த உடனே பாட்டிலை நிமிர்த்திவிடுங்கள்.