நரம்பைச் சுட்டால் பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 58. காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. மூன்று மாத்திரை சாப்பிட்டும் பிபி 160/100-க்குக் கீழே வரவில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டு நரம்பைச் சுட்டுவிட்டால் மாத்திரையே வேண்டாமாம். செய்யலாமா?"

அப்படி ஒரு சிகிச்சை இருப்பது நிஜம்தான். ஆனால் மாத்திரைக்குத் துணையாகத்தான் அதைச் செய்கிறோம், நிறுத்துவதற்காக அல்ல.

சிறுநீரகத் தமனியைச் சுற்றி மெல்லிய நரம்புகள் பின்னிக்கொண்டு போகின்றன. அவை அளவுக்கு மீறி வேலை செய்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பிபி ஏறும். ஆஞ்சியோ செய்வது மாதிரியே தொடை இடுக்கு வழியாகக் குழாயைக் கொண்டுபோய், ரேடியோ அலையாலோ அல்ட்ராசவுண்டாலோ அந்த நரம்புகளைச் சூடாக்கி முடக்குவார்கள். சுடும்போது வலிக்கும், அதனால் மயக்கமும் வலிமருந்தும் உண்டு. உள்ளே ஸ்டென்ட் எதுவும் வைப்பதில்லை. குழாய் விட்ட இடத்தில் ரத்தம் கட்டலாம். அபூர்வமாகத் தமனி சுருங்குவதும் உண்டு.

2014-இல் வந்த பெரிய ஆய்வில், சும்மா குழாய் விட்டு எடுத்தவர்களுக்கும் நரம்பைச் சுட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கருவிகள் மாறின, அடுத்தடுத்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டு கருவிகளுக்கு அனுமதி தந்தது. பலன் என்றால், மேல் அளவு சராசரியாக 5 புள்ளி போல இறங்கும். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தது மாதிரி. சிலருக்கு இறங்காமலும் போகும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சரி, அந்த 160 நிஜமா? 20 கொண்டை ஊசி வளைவு பஸ்ஸில் இறங்கி, படியேறி வந்து, மூச்சு வாங்கும்போதே சட்டைக் கை மேல் பட்டையைச் சுற்றினால் யாருக்கும் ஏறத்தான் செய்யும். வீட்டில் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொல்லி, காபி குடிப்பதற்கு முன், காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மீதியின் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால்தான் கவலை.

அடுத்து மூட்டுவலி மாத்திரை. மலைச்சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குபவர்கள் மெடிக்கலில் தாங்களாகவே டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வது எனக்குப் பழகிப்போன கதை. அது பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஊறுகாயும் தட்டுவடை செட்டும் எவ்வளவு உள்ளே போகிறது என்றும் பாருங்கள். பலத்த குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் பிபி ஏறும்.

அப்புறம் 24 மணி நேர பிபி பதிவு, உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனுக்கு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகத் தமனி ஸ்கேன். மூன்று மாத்திரையில் ஒன்று நீர் பிரியும் மாத்திரைதானா என்றும் கேளுங்கள். இத்தனைக்குப் பிறகும் இறங்காமல், சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அந்த மூட்டுவலி மாத்திரையையும் சேர்த்து.