லதா இல்லாத கணினியில் உங்கள் தளம் எப்படித் தெரியும்?

கேள்வி: என் இணையதளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் லதா, ஏரியல் என்று இரண்டு எழுத்துருக்களைக் கொடுத்திருக்கிறேன். என் கணினியில் பக்கம் நன்றாக இருக்கிறது. செல்போனிலும் நண்பர்களின் லேப்டாப்பிலும் எழுத்தே வேறாகத் தெரிகிறது, வரிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. எந்த எழுத்துருவை நம்பலாம்?

பதில்: உங்கள் பட்டியலில் தமிழுக்கு ஆள் லதா மட்டும்தான், ஏரியலில் தமிழ் எழுத்தே கிடையாது. லதா, விண்டோஸ் 2000-உடன் வந்த பழைய எழுத்துரு. விண்டோஸ் 10-லிருந்து அது கூடுதல் தொகுப்பாகிவிட்டது. உங்கள் கணினியில் தமிழ் மொழியைச் சேர்த்தபோது கூடவே வந்திருக்கும், எல்லோரிடமும் இருக்காது. ஆப்பிள், ஆண்ட்ராய்டு கருவிகளில் லதாவை எதிர்பார்க்கவே வேண்டாம்.

உலாவி ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியலை முதலிலிருந்து தேடும். எதிலும் கிடைக்காவிட்டால் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டுவிடும். உங்கள் நண்பர்கள் பார்த்தது அதைத்தான்.

ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் அதனிடம் இருப்பதையே சொல்லுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ, ஆப்பிளுக்குத் தமிழ் சங்கம் எம்என், கடைசியில் சான்ஸ்-செரிஃப் என்ற பொதுப்பெயர் (கருவியே தன்னிடமுள்ள ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று பொருள்). ஆண்ட்ராய்டில் அந்தப் பொதுப்பெயரே பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழிடம் கொண்டுபோய் விடும். எழுத்துருவின் பெயரை ஆங்கிலத்தில், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். பொதுப்பெயருக்கு மட்டும் மேற்கோள் கூடாது. போட்டால் அந்தப் பெயரில் ஓர் எழுத்துரு இருக்கிறதா என்று உலாவி தேடப் போய்விடும். ஆங்கிலத்துக்குத் தனி எழுத்துரு வேண்டுமென்றால் அதைத் தமிழுக்கு முன்னால் வையுங்கள். பல தமிழ் எழுத்துருக்களுக்குள் ஆங்கில எழுத்துகளும் இருப்பதால், பின்னால் வைத்தால் அதற்கு வேலையே வராது.

எங்கும் ஒரே முகம்தான் வேண்டும் என்றால் எழுத்துருவைத் தளத்தோடு அனுப்ப வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவை இலவசம். இணையத்துக்கென்று சுருக்கிய டபிள்யூஓஎஃப்எஃப்2 வடிவத்தில் உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்வது என் விருப்பம். பொதுச் சர்வரிலிருந்து எடுத்தால், வேறு தளத்துக்காக இறங்கியது உங்களுக்கும் உதவும் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. 2020-ல் வந்த குரோம் 86 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பு தனித்தனி.

கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று கத்தரிக்கோலை எடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். யூனிகோடில் தமிழின் இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. அதை மட்டும் வெட்டி எடுத்தால் எழுத்துகள் இருக்கும், அவற்றைச் சேர்க்கும் விதிகள் தொலைந்திருக்கலாம். ககரமும் உகரக் குறியும் சேர்ந்து 'கு' ஆவது அந்த விதிகளால்தான். அவற்றையும், 200சி, 200டி (கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள்), 25சிசி (புள்ளி வட்டம்) ஆகிய குறிகளையும் விட்டுவிடாதீர்கள். வெட்டியபின் ஸ்ரீ, க்ஷ, டி, மூ, கௌ என்று அடித்துப் பாருங்கள்.

எழுத்துரு இறங்கும்வரை என்ன தெரிய வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம். ஃபான்ட்-டிஸ்பிளே என்ற இடத்தில் ஸ்வாப் என்று கொடுங்கள், அசல் வரும்வரை பட்டியலில் உள்ள மாற்று எழுத்துரு தெரியும். இல்லாவிட்டால் பல உலாவிகள் சுமார் 3 விநாடி வெற்றிடத்தைத்தான் காட்டும். ஸ்வாப்பில் ஒரு தொல்லை உண்டு: மாற்று எழுத்துரு அகலமானதாக இருந்தால், அசல் வந்ததும் பத்திகள் துள்ளும். மாற்று எழுத்துருவை சைஸ்-அட்ஜஸ்ட் மூலம் அசலின் அகலத்துக்கு இழுத்துவிட்டால் துள்ளல் குறையும். வரி உயரத்தை 1.6-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். தமிழின் கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். தடித்த எழுத்துக்கு 700 எடை (தடிமன்) கொண்ட எழுத்துருக் கோப்பைத் தனியாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் உலாவி தானே தடிக்கவைத்து, ண, ஞ ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், சிஎஸ்எஸ்ஸில் உங்கள் எழுத்துருவின் பெயரை வேண்டுமென்றே தப்பாக எழுதி, பக்கத்தை விண்டோஸ், ஐபோன், ஆண்ட்ராய்டு மூன்றிலும் திறந்து பாருங்கள். அப்போதும் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் பட்டியல் சரி. பெயரைத் திருத்திவிட்டு வெளியிடுங்கள். திருத்த மறந்தவர்களில் நானும் ஒருவன்.