முகிலுக்கு அடி தட்டை

அக்கா, நீர்வர்ணத்தில் முகில் வரையப் பழகுகிறேன். எப்படி வரைந்தாலும் பஞ்சுமூட்டை போலத்தான் வருகிறது. மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். சாம்பலுக்கு எந்த ட்யூப் வாங்கலாம்? போன் படத்தைப் பார்த்து வரையலாமா?
— ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

தம்பி,

போன் படம் வேண்டாம், வெயில் பட்ட பக்கத்தை அது வெறும் வெள்ளையாக்கிவிடும். சாம்பலுக்கு ட்யூப் தேவையில்லை. அல்ட்ராமரைன் நீலத்தில் கொஞ்சம் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்தால் போதும்.

மூன்று படத்திலும் முகிலின் அடியை வளைத்திருக்கிறீர்கள். யார் வளைக்கச் சொன்னது? நிலம் சூடேறி எழும் ஈரக்காற்று மேலே போகப்போகக் குளிரும். ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் அதிலுள்ள நீராவி துளியாகும். பக்கத்தில் எழும் காற்றுக்கும் ஏறக்குறைய அதே உயரம். அதனால் திரள்முகில்களின் அடியெல்லாம் ஒரே மட்டத்தில், கத்தியால் சீவினது போல நிற்கும். தலைப்பக்கம்தான் பொங்கும்.

நாளை பத்து, பதினொரு மணிபோல வாவிக்கரையில் நின்று, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் பாருங்கள், தூரிகையைத் தொடாமல். உச்சிக்கு மேலே நிற்கும் முகிலுக்கு அடிதான் தெரியும். தள்ளிப்போகப் போக அடி ஒடுங்கி, பக்கம் தெரியும். அடிவானத்தில் நெருங்கிய கீற்றுகள்தான். நீண்ட விறாந்தையின் தீராந்திகள் தூரத்தில் நெருங்குமே, அதே கணக்கு. இதை விட்டால் வானம் சுவராகிவிடும், பிள்ளை.

தடித்த நீர்வர்ணத் தாளில் (சதுர மீற்றருக்கு 300 கிராம்), முகிலின் தலையைக் காய்ந்தபடி விட்டு, அதைச் சுற்றி நீலம் போடுங்கள். அங்கே விளிம்பு கூராக நிற்கும். உடனே சுத்தத் தண்ணீர்த் தூரிகையால் ஓரிரண்டு இடத்தில் மட்டும் விளிம்பைக் கரையுங்கள். அடிப்பக்கத்தை நனைத்துவிட்டுச் சாம்பலை விடுங்கள், அது தானாக மேலே கசியும். தாளின் பளபளப்பு மங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அப்போது தண்ணீர் கூடின தூரிகை பட்டால் பூக்கோவா போலக் கறை விழும். உங்கள் இரண்டாவது படத்தின் வலது மூலையில் நடந்தது அதுதான். மாரியில் தாள் காயவே மாட்டாது, பொறுங்கள். கச்சான் என்ற வறண்ட மேல்காற்றில் கண்மூடித் திறக்குமுன் காய்ந்துவிடும், தாளின் பின்பக்கத்தை நனைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆங்கிலேய ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டனின் ஹாம்ஸ்ரெட்டில் வரைந்த முகில் படங்கள் பலவற்றின் பின்பக்கத்தில் நாள், நேரம், காற்றுத் திசை எழுதிவைத்தார். நீங்களும் எழுதுங்கள், கச்சானா, கிழக்கே இருந்து வரும் கொண்டலா என்று. இருபது தாள் சேர்ந்ததும் அனுப்புங்கள். அடிகளை மட்டும்தான் முதலில் பார்ப்பேன்.