இருவர் படுக்க ஒரு மெத்தை: டர்பன் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கட்டில், மெத்தை விற்கிற தொழிலில் இருக்கிறேன். தம்பதிகள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, வீட்டுக்காரர் 115 கிலோ, நான் 58. அவர் புரண்டால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நடுவில் பள்ளமும் விழுந்திருக்கிறது. கெட்டியான மெத்தை வாங்கினால் சரியாகுமா?

அவருக்குச் சரியாகும், உங்களுக்குத் தோள் வலிக்கும். குலுங்குவதும் பள்ளமும் வேறு வேறு தொல்லை, தங்கச்சி. போனல் ஸ்பிரிங்கில் சுருள்களைக் கம்பியால் ஒன்றோடொன்று பின்னியிருப்பார்கள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கமும் ஆடும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருப்பதால் ஆட்டம் வெகுவாகக் குறையும். பள்ளத்துக்கு எடையைப் பார்க்க வேண்டும். இங்கே பல மெத்தைகளில் ஓர் ஆளுக்கு இத்தனை கிலோ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உங்கள் இருவரின் சராசரியைப் போட்டுப் பார்க்காதீர்கள். அவர் எடையைத் தாங்குமா என்று மட்டும் கேளுங்கள்.

அறையில் இடம் இருந்தால் இன்னொரு வழி. நம் நாட்டில் சிங்கிள் 91 செ.மீ. அகலம், கிங் 183. இரண்டு சிங்கிளை ஒட்டிப் போட்டால் ஏறக்குறைய ஒரு கிங். அவருக்குக் கெட்டி, உங்களுக்கு மெத்தென்று. கனம் மட்டும் ஒரே அளவாக இருக்கட்டும். நடுக்கோடு உறுத்தினால் மேலே ஒரு கிங் டாப்பர், அதாவது மெத்தை மேல் விரிக்கும் மெல்லிய மெத்தை. மாமியார் வந்தால் விரிப்பைத் தூக்கிக் காட்ட வேண்டாம்!

ஃபீனிக்ஸ்: மெத்தையைத் தாங்கும் அடிப்பகுதி, அதான் பேஸ், பழசுதான், ஆனால் உடையவில்லை. மெத்தையை மட்டும் மாற்றலாமா?

மெத்தையை எடுத்துவிட்டு, பேஸின் குறுக்கே நேரான பலகை ஒன்றை வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் புது மெத்தையும் அதே வடிவத்துக்கு வளைந்துவிடும். குறுக்குச் சட்டங்கள் வைத்த கட்டில் என்றால் சட்டங்களுக்கு இடையே ஏழெட்டு செ.மீ.க்கு மேல் விடக்கூடாது. குயீன், கிங் அளவுக்கு நடுக்கால் அவசியம். பழைய பேஸில் போட்டால் கேரண்டி உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம் கேட்டால் பதில் மாறும்.

உம்லாங்கா: மெமரி ஃபோம் நல்லதா?

உடம்பின் வடிவத்துக்கு மெல்ல அமுங்கும் நுரை அது. அசைவு தெரியாது, அது உண்மை. ஆனால் நம் பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்கெட் ஸ்பிரிங்கின் மேல் மெல்லிய லேடெக்ஸ் (ரப்பர் நுரை) வைத்தது நம் கடற்கரைக்குத் தோது. எதுவானாலும் தரையில் போடாதீர்கள், அடியில் பூஞ்சை பிடிக்கும்.

லெனேசியா (ஜோஹன்னஸ்பர்க் பக்கம்): கணவர் 6 அடி 2 அங்குலம். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் உயரம் 188 செ.மீ., சாதாரண மெத்தையின் நீளமும் 188. நீளாமல் என்ன செய்யும்? 200 செ.மீ. உள்ளதைக் கேளுங்கள். பேஸும் விரிப்பும் அதே நீளத்தில் வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டோங்காட்: வாங்கி மூன்று மாதம்தான், அதற்குள் பள்ளம். கடைக்காரர் கையை விரிக்கிறார், அண்ணா.

2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் குறையுள்ளது என்றால் 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தீர்மானிப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. பள்ளத்தின் மேல் கம்பு ஒன்றை வைத்து, ஸ்கேலால் ஆழம் தெரியும்படி படம் எடுத்து, பில் நகலோடு எழுத்தில் அனுப்புங்கள். கறை இருந்தால் அதையே சாக்காகச் சொல்வார்கள். இன்றைக்கே ஓர் உறை போட்டுவிடுங்கள்.