முப்பது ஊரும் ஒரு முழங்காலும்

அன்புள்ள அம்மா,

வங்கியில் 36 வருடம் வேலை பார்த்து, போன மே மாதம் ஓய்வு பெற்றேன். மாற்றலாகிப் போன ஊர்களில்கூட கிளையையும் வாடகை வீட்டையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. இனிமேலாவது தமிழ்நாட்டின் பழைய சிற்றூர்களைப் பார்த்துவிடலாம் என்று உத்திரமேரூரில் தொடங்கி பத்மநாபபுரம் வரை 30 ஊர்களை எக்செல்லில் போட்டிருக்கிறேன். மொத்தம் 12 நாட்கள். பட்டியலை இணைத்துள்ளேன். வரிசை சரியா, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று சொல்லுங்கள். சொந்தக் காரில் போவதா, டிரைவரோடு வாடகைக் கார் எடுப்பதா? பயணத்தைப் படம்பிடித்து யூட்யூப் சேனல் தொடங்கும் எண்ணமும் உண்டு. என் மனைவி முழங்கால் வலி, வரவில்லை என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

கே., சேலம்

*

அன்புள்ள கே.,

வாடகை வீட்டைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. பட்டியலைத் திறந்ததும் அந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை. காலை 9.50 நார்த்தாமலை, 11.20 சித்தன்னவாசல், 12.45 குடுமியான்மலை, சாப்பாடு, 3.00 திருமயம், 5.30 கானாடுகாத்தான். என்ன சார் இது, கிளைத் தணிக்கையா? 12.45க்குக் குடுமியான்மலையில் நடை சாத்தியிருப்பார்கள். பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். டேனிஷ்காரர்கள் 1620இல் வந்து 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன தரங்கம்பாடிக்கு 40 நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். வரிசையைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. எந்த வரிசையில் ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காக. "முழங்கால் வலி, வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை." சில மாதங்களாக இந்த விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சமீபத்தில் ஒரு கோட்டையின் அடிவாரத்தில் வேன் ஒன்று நின்றிருந்தது. ஆண்களும் பிள்ளைகளும் மேலே ஏறிப் போய்விட்டார்கள். வேன் படிக்கட்டில் இரண்டு அம்மாக்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஏறவில்லையா என்று கேட்டேன். "முட்டி வலிம்மா" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். டிரைவர் டீ குடிக்க நகர்ந்ததும் அதில் மூத்தவர் என் கையைப் பிடித்து, "இங்க பாத்ரூம் எங்கயாச்சும் இருக்கா?" என்று ரகசியம் போலக் கேட்டார். காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள். அப்போது பதினொன்றரை.

எங்கள் தலைமுறைப் பெண்கள் "முழங்கால் வலி" என்று சொன்னால் அதில் முழங்கால் வலியும் இருக்கும். பொய் சொல்வதில்லை. ஆனால் அது படியேறும் வலி என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள். கோட்டை உச்சிக்கு ஏறாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன ஊர் லாட்ஜில் அறை போடுகிறீர்கள். போன் செய்து ஏசி உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, வைஃபை உண்டா என்று கேட்கிறீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று கேட்டதுண்டா? குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத ஒருவர், பிடித்து எழ ஒரு கம்பிகூட இல்லாத ஈரத் தரையில், இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வார்? அதைக் கணவரிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். கல்யாணமாகி எத்தனை வருடமானாலும் அந்தக் கூச்சம் போகாது. "முழங்கால் வலி, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். நீங்களும் பெருந்தன்மையாக வற்புறுத்தாமல் விட்டுவிட்டீர்கள்.

அறையாவது பரவாயில்லை. பகல் முழுக்க வெளியே சுற்றும்போது? ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர் இருக்கிறது, அந்த வெட்கக்கேட்டை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பயணம் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே விரதம். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தால், "வேண்டாங்க, எனக்குச் சளி பிடிக்கும்." சாயங்காலம் தலைவலி வரும், நீர்க்கடுப்பு வரும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். பாவம் வெயில்.

என் சின்ன அத்தை ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு புதுக்கோட்டைப் பக்கம் என்னோடு வந்தாள். லாட்ஜில் காலை காபியைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். குடுமியான்மலைக்குப் போனோம். அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிப் பாறையைக் குடைந்த சின்னக் கோயில் ஒன்று உண்டு, மேலக்கோயில் என்பார்கள். அதன் பக்கத்துப் பாறையில்தான் அந்தப் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு. கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகளை, அதாவது ஸ்வர வரிசைகளை, வெட்டி வைத்திருக்கிறார்கள். முடிகிற இடத்தில் மட்டும் தமிழ்: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம்.

தேடிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்த வீட்டம்மா. நடுவில் ஒரு முறம், பக்கத்தில் காலியான மோர்ச் சொம்பு. நடந்தது இதுதான்: அத்தை நேராகப் போய் முதலில் கண்ணில் பட்ட பெண்ணிடம், "தாயி, கொஞ்சம் உள்ள போகணும்" என்றிருக்கிறாள். அந்த அம்மாவும் பதில் பேசாமல் கொல்லைப்புறம் கூட்டிப்போய் ஒரு வாளி தண்ணீரும் வைத்திருக்கிறார். அப்புறம் மோர். அப்புறம் மொச்சை.

ஊருக்கு ஏன் குடுமியான்மலை என்று பேர் வந்தது என்கிற கதையை அந்த அம்மா சொல்லக் கேட்டேன். சாமிக்கு வைத்த மாலையை அர்ச்சகர் தன் ஆசைநாயகிக்குக் கொடுத்துவிட்டார். எதிர்பாராமல் ராஜா வந்துவிட, அதையே திரும்ப வாங்கிப் பிரசாதமாகக் கொடுத்தார். மாலையில் ஒரு நீளமான முடி. இது ஏது என்று ராஜா கேட்க, சாமிக்குக் குடுமி இருக்கிறது என்று அர்ச்சகர் அளந்துவிட்டார். அவரைக் காப்பாற்ற லிங்கமே குடுமி வளர்த்துக்கொண்டது. கதையை எல்லாப் புத்தகத்திலும் படிக்கலாம். இந்த அம்மா மொச்சையை முறத்தில் தட்டிவிட்டுச் சொன்னார்: "ஐயரைச் சாமி காப்பாத்திட்டாரு. முடிக்குச் சொந்தக்காரி என்ன ஆனான்னு யாரும் எழுதி வைக்கல பாருங்க." அத்தை சிரித்த சிரிப்பில் உரித்த மொச்சையில் பாதி கீழே கொட்டிவிட்டது. இசைக் கல்வெட்டைப் பார்க்காமலே அவள் ஊர் திரும்பினாள், எனக்கு அது இன்னும் கொஞ்சம் கடுப்புதான். ஆனால் அந்த வீட்டுப் பெண்ணோடு பல வருடம் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தாள். கல்வெட்டைப் பார்த்த எனக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது.

சரி, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் என் அத்தை ஆக முடியாது. அறையை விசாரிக்கும்போது டாய்லெட்டைப் பற்றி நீங்களே, உங்கள் வாயால் கேளுங்கள். மனைவியை விட்டுக் கேட்க வைக்காதீர்கள். கழிப்பறை மேல் வைத்துக்கொள்ளும் மடக்கு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது, கார் டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். பகல் முழுக்க வெளியே அலையாமல் மதியம் அறைக்குத் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 30 ஊர் திட்டம் ஒத்துவராது. ஒரே ஊரில் தங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் புதுக்கோட்டை. தொண்டைமான் சமஸ்தானத்தின் தலைநகர், 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் சீர்படுத்திய ஊர், கோடு போட்டது போல வீதிகள். ராஜ வீதி, இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண் போட்டே கூப்பிடுவார்கள். சமதரை. சாயங்காலம் பல்லவன் குளத்தைச் சுற்றி மெதுவாக நடக்க எந்த முழங்காலும் மறுக்காது. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே பிரகதாம்பாள் கோயில். சமஸ்தானம் அடித்த அம்மன் காசில் உட்கார்ந்திருப்பது இந்த அம்மன்தான். இந்த ஊரில் 1886இல் பிறந்த ஒரு பெண், பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சண்டை போட்டு இடம் வாங்கிப் படித்து டாக்டரானார். முத்துலட்சுமி ரெட்டி. உங்கள் பட்டியலில் புதுக்கோட்டை "மதிய உணவு" என்ற கட்டத்தில் இருக்கிறது.

அங்கிருந்து எல்லாம் பக்கம். கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு ஒரு படிகூட ஏற வேண்டாம். புல்தரையில் நிற்கின்றன, மூன்றில் மிஞ்சிய இரண்டு. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பெயரில் ஆளுக்கொன்றுமாகக் கட்டியவை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் மனைவியைக் கணக்கில் சேர்த்திருக்கிறான் சார், எக்செல் இல்லாமலே.

திருமயத்தில் 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை இருக்கிறது, ஊமையன் கோட்டை என்பார்கள். நீங்கள் ஏறிப் பாருங்கள். உங்கள் மனைவி அடிவாரத்துச் சத்தியமூர்த்திப் பெருமாளைப் பார்க்கட்டும். ஒரே பாறையில் அடுத்தடுத்து சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைகள், நடுவே ஒரு சுவர். சைவருக்கும் வைணவருக்கும் வந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டில் ஒரு ஹொய்சாளத் தண்டநாயகன், அதாவது படைத்தலைவன், தீர்த்துவைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பெருமாள் படுத்திருக்கும் நீளத்தைப் பார்த்தால் அவர் இந்த வழக்கையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக்குக் கொஞ்சம் படிகள், கைத்தாங்கலாகப் போனால் கூரையில் தாமரைக் குளத்து ஓவியம் பார்க்கலாம். அந்தப் பக்கம் மலையேறிப் போக வேண்டிய ஏழடிப்பட்டம் குகைக்கு அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரம் கோயிலுக்கு வெறும் பாறை மேல் நடக்க வேண்டும், விடிகாலையில் நீங்கள் தனியாகப் போய்விட்டு வாருங்கள். அவர் தூங்கட்டும். ஓய்வு உங்களுக்குத்தானே வந்தது, அவருக்கு எந்த மே மாதமும் பிரிவு உபசார விழா நடத்தவில்லையே.

இன்னொன்றும் தோன்றுகிறது. 12 நாள் நீங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பதைத்தான் அவர் விடுமுறை என்று நினைக்கிறாரோ என்னவோ. அப்படியென்றால் நான் இவ்வளவு எழுதியது வீண், நீங்கள் பேசாமல் கிளம்பிவிடுங்கள். ஆனால் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். "வர்றியா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "நீ எந்த ஊர் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்களா? அந்த முப்பதில் அவர் சொன்ன ஊர் ஒன்றாவது இருக்கிறதா?

கார் பற்றிக் கேட்டீர்கள். சொந்தக் காரில் புதுக்கோட்டை வரைக்கும் போங்கள், அப்புறம் சில நாளாவது டவுன் பஸ்ஸில் போங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உங்களுக்கு உண்டு. கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள், உட்கார இடம் கிடைக்க வேண்டும்.

யூட்யூப் சேனலா? தாராளமாகத் தொடங்குங்கள். எந்த ஊரில் கழிப்பறை எங்கே இருக்கிறது, சுத்தமாக இருக்கிறதா, பிடித்து எழக் கம்பி இருக்கிறதா என்று மட்டும் காட்டுங்கள். முதல் ஆளாக நான் சப்ஸ்கிரைப் செய்கிறேன். கோபுரத்தைக் காட்ட ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தை, மாசியில் போங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தில் கால் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள், அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை.